நாற்றுக்கு எவ்வளவு 'வெள்ளம்' வேண்டும்? பாசத்தில் மூழ்கும் வீட்டுத் தோட்டங்களுக்கு நாஞ்சில் நாடு சொல்லும் பாடம்!

காந்தாரி மிளகாய் விதை போட்டு மூன்று வாரம் ஆகிறது. அடுக்களை ஜன்னலோரப் பையில் நேற்று மாலை வரை எட்டு நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. இன்று காலை மூன்று சாய்ந்து கிடக்கின்றன. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால், தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நூல் மாதிரி இளைத்து, நீர் கோத்துப் போயிருக்கிறது.

"மக்களே, இதுக்கு ஆரும் வெள்ளம் விடலியா?" என்று பாட்டி கேட்பார். உடனே ஒரு சொம்புத் தண்ணீர் பைக்குள் இறங்கும். மறுநாள் மீதி ஐந்தும் படுத்துவிடும். "நமக்குச் செடி ராசி இல்லே" என்று சொல்லிவிட்டு, பையை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள்.

குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் குடிக்கிற தண்ணீருக்கே 'வெள்ளம்' என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரை அடித்துக்கொண்டு போகும் பெருக்குதான் நினைவுக்கு வரும். இரண்டு இலை விட்ட நாற்றின் கணக்கில் இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அரை சொம்பு கூடினால் தண்ணீர் அதற்கு நிஜமாகவே வெள்ளமாகிவிடும்.

வீட்டுக்குள்ளும் வராந்தாவிலும் மொட்டை மாடியிலும் காய்கறி வளர்க்க நினைப்பவர்களில் பலர், முதல் மாதத்திலேயே ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். காரணம் தெரிந்தால் அந்தப் பையை மாடிப்படிக்கு அடியிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம்.

சாய்ந்த நாற்றுக்கு என்ன ஆனது?

இதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகை நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். இவற்றில் பித்தியம் தண்ணீரை நம்பிப் பிழைப்பது. அதன் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்திப் போய் இளம் வேரையும் தண்டின் அடியையும் தாக்கும். காய்ந்த மண்ணில் அவற்றால் நகர முடியாது. நாம் கூடுதலாக விடும் ஒவ்வொரு சொம்பும் அவற்றுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது.

அழுகல் வராவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, அவ்வளவு காற்றும் தேவை. மண் துகள்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில்தான் காற்று இருக்கும். அந்த இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் காலடியில் நீர் தளும்பும்போதே இலை வாடும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். நீர் குறைந்தாலும் இலை வாடும், கூடினாலும் வாடும். வித்தியாசம் இதுதான்: தாகத்தில் வாடும் இலை மெலிந்து, காகிதம்போல இருக்கும். பையைத் தூக்கினால் லேசாக இருக்கும். நீர் மிஞ்சி வாடும் இலை தடித்து, கீழ்நோக்கி வளைந்து தொங்கும். பை கனமாக இருக்கும். மண்ணின் மேல் பச்சைப் பாசி படரும். கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்பு ஈக்கள் மண்ணிலிருந்து எழும்பும். ஈரமான மண்ணில்தான் அந்த ஈ முட்டையிடும். அதன் புழுக்கள் இளம் வேரைக் கடிக்கும்.

உயிருள்ள மண் என்றால் என்ன?

சாணமும் மண்புழு உரமும் சருகும் சேர்ந்து மட்கிய மண்ணை, சும்மா 'மண்' என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒரு ஊரே குடியிருக்கிறது. வளமான மண் ஒரு தேக்கரண்டி எடுத்தால், அதில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு பூஞ்சை இழைகள், கண்ணுக்குத் தெரியாத புழுக்கள், மண்புழுக்கள். வேர்கள் சர்க்கரை போன்ற சத்துகளைக் கசியவிட்டு இந்த உயிர்களுக்குச் சாப்பாடு போடும். பதிலுக்கு அவை மட்கைச் சிதைத்து, செடிக்கு வேண்டிய சத்தைக் கொடுக்கும்.

ரசாயன உரம் கரைத்து ஊற்றும் தொட்டிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அங்கே தண்ணீர் உரத்தைச் சுமந்துவரும் வண்டி. இங்கே அந்த ஊர் மொத்தத்துக்கும் குடிநீர். ஊரும் பிழைக்க வேண்டும், நாற்றும் பிழைக்க வேண்டும்.

நல்ல தோட்ட மண்ணில் பாதியளவு திடப்பொருளும், கால் பங்கு காற்றும், கால் பங்கு நீரும் இருக்க வேண்டும் என்பது மண்ணியல் பாடத்தின் முதல் கணக்கு. நீர் கூடினால் காற்றின் பங்கு போய்விடும். அப்போது ஆக்ஸிஜன் வேண்டிய நல்ல நுண்ணுயிர்கள் ஒடுங்கி, காற்றில்லாமல் வாழ்பவை பெருகும். மண்ணை முகர்ந்தாலே தெரியும். மழை பெய்த மண்வாசம் வந்தால் ஊர் நலம். சாக்கடை வாடையோ, புளித்த வாடையோ வந்தால் நீர் மிஞ்சிவிட்டது.

அதற்காகக் காயவிடவும் கூடாது. முழுக்கக் காய்ந்தால் மண்புழு சாகும், நுண்ணுயிர்கள் உறங்கிப்போகும். தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணோ, காய்ந்தபிறகு தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து தட்டில் வந்து நிற்கும். நடுவில் மண் புழுதியாகவே இருக்கும்.

தேடினால் முதலில் வருவது வேறு செடி!

'லிவிங் சாயில்' என்று இணையத்தில் தேடினால் வரும் வீடியோக்களில் கணிசமானவை கனடா, அமெரிக்காவிலிருந்து வருபவை. அவற்றில் பல, வீட்டுக்குள் விளக்கு வைத்துக் கஞ்சா வளர்ப்பது பற்றியவை. கனடாவில் 2018 அக்டோபரில் வந்த சட்டம், பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை அனுமதிக்கிறது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஒரு செடிதானே, ஜன்னலோரம்தானே என்ற சமாதானமெல்லாம் செல்லாது.

ஆனால், அந்த வீடியோக்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் புலம்பல் நமக்குப் பழக்கமானதுதான்: 'நாற்று செத்துப்போச்சு, தண்ணீர் அதிகமாயிடுச்சு.' எந்த நாட்டில், எந்தச் செடியாக இருந்தாலும், உயிருள்ள மண்ணில் முளைக்கும் நாற்றின் முதல் எதிரி பூவாளிதான். நமக்கு வழுதலங்காயும் தக்காளியும் காந்தாரியும் போதும். பாடம் மட்டும் பொது.

நாற்றங்காலில் வடித்த தண்ணீர்

இந்தப் பாடத்தை நாஞ்சில் நாட்டு விவசாயி வீடியோ பார்த்துக் கற்கவில்லை. திருவிதாங்கூர் அரசு காலத்தில் பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின் மேற்பார்வையில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. அதன் கால்வாய்களை நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் நெல் விளைந்த மண் இது. தண்ணீர் பார்த்துப் பழகிய கைகள், நாற்றங்காலில் முதலில் செய்யும் வேலை தண்ணீர் விடுவதல்ல, வடிப்பது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதையேதான் சொல்கிறது. முளைகட்டிய நெல்லை விதைத்து 18 முதல் 24 மணி நேரத்தில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். எந்தக் குழியிலும் நீர் தேங்கக் கூடாது. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை மண் நனையும் அளவு போதும். அதன்பிறகு நாற்றின் உயரத்தைப் பார்த்து 1.5 சென்டிமீட்டர், பிறகு 2.5 சென்டிமீட்டர் என்று ஏற்ற வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். தண்ணீரிலேயே நின்று விளையும் நெல்லுக்கே முதல் வாரத்தில் இத்தனை கட்டுப்பாடு. தண்ணீரில் நிற்கவே பிடிக்காத மிளகாய்க்கு நாம் முதல் நாளே சொம்பைக் கவிழ்க்கிறோம்.

அந்தப் பரிந்துரையின் சாரம் ஒரே வரிதான்: நாற்று வளர வளரத்தான் தண்ணீர் வளர வேண்டும்.

பை பெருசு, நாற்று சிறுசு

வீட்டுத் தோட்டத்தில் சிக்கல் தொடங்குவது பையின் அளவில். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிவந்த மாடித்தோட்டத் தொகுப்பை வாங்கியவர்களுக்குத் தெரியும். ஆறு பைகள், தலா 2 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் ஆறு, ஆறு வகை விதைகள், உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் பொங்கி எழும். அதைப் பையில் நிரப்பி, நடுவில் விதை போடுவோம்.

நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மேலே ஒரு விரல்கடை காய்ந்து வெளுத்திருக்கும். கீழே பிழிந்தால் சொட்டும். மேற்பரப்பைப் பார்த்து நாம் ஊற்றிக்கொண்டே இருப்போம். ஒரு அங்குல வேர் வைத்திருக்கும் நாற்றால் பை நிறைய இருக்கும் நீரைக் குடிக்க முடியுமா? குடிக்க ஆளில்லாத தண்ணீர் தேங்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சிறியதில் முளைக்க வைத்துப் பெரியதுக்கு மாற்றுவது. நாற்றுத் தட்டு வாங்கலாம். செலவில்லாமல் வேண்டுமென்றால் குமரி மாவட்டத்தில் சிரட்டைக்கா பஞ்சம்? தேங்காய்ச் சிரட்டையின் கண்ணைத் துளைத்து, இரண்டு விரல்கடை மண் நிரப்பி, ஒரு சிரட்டைக்கு இரண்டு விதை போடலாம். சிரட்டை சீக்கிரம் காயும். அதனால் எப்போது தண்ணீர் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் பைக்கு மாற்றலாம்.

இரண்டாவது வழி, நேராகப் பையிலேயே விதைப்பது. வெண்டை, அவரை, பயறு போன்றவற்றுக்கு இதுதான் சரி. விதைப்பதற்கு ஒரு நாள் முன்னதாகப் பை முழுவதையும் மெதுவாக நனைத்து, மிஞ்சியது அடித்துளை வழியே வடியும்வரை விட்டுவிட வேண்டும். விதை முளைத்தபிறகு பை முழுக்கத் தண்ணீர் விடத் தேவையில்லை. நாற்றைச் சுற்றி ஒரு சிரட்டை வாய் அகலத்துக்கு மட்டும் வட்டமாக விடலாம். மீதி இடத்தில் சருகோ, நறுக்கிய வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் அங்கே உள்ள ஈரம் பல நாள் காயாது. மண்ணில் உள்ள உயிர்களுக்கும் தாகம் தெரியாது. மூடாக்கு தண்டை ஒட்டக் கூடாது. மூன்று விரல் இடைவெளி வேண்டும். தண்டை ஒட்டினால் அதுவே அழுகலுக்கு மெத்தை விரித்த மாதிரி.

கையே மீட்டர்

மண்ணின் ஈரம் பார்க்கக் கருவி விற்கிறார்கள். அதற்கு முன்பு கையை நம்பிப் பாருங்கள்.

கைப்பிடிச் சோதனை: பையின் ஓரத்தில் இரண்டு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்குங்கள். விரல் இடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் அளவு சரி. உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் தண்ணீர் வேண்டும். பிட்டுக்கு மாவு விரவுகிற பதம் தெரிந்த வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூக்கிப் பார்த்தல்: தண்ணீர் விட்டதும் சிரட்டையையோ சிறு பையையோ ஒருமுறை தூக்கிப் பாருங்கள். காய்ந்ததும் மறுபடி தூக்குங்கள். இரண்டு கனமும் கைக்குப் பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

விரல் வைத்தல்: முதல் விரல்கணு வரை உள்ளே விட்டுப் பார்க்கலாம். நுனியில் குளிர்ச்சி பட்டால் இன்று விடுமுறை.

நாள் கணக்கில் எவ்வளவு?

முளைக்கும் வரை: மேல்மண் காயவே கூடாது. ஆனால், ஊற்றவும் கூடாது. தெளிப்பான் பாட்டிலால் பனிபோல நனைத்தால் போதும். சாக்கோ, வைக்கோலோ போட்டு மூடலாம். முதல் முளை தெரிந்த அன்றே மூடியதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முளை ஒல்லியாக நீண்டுவிடும்.

வித்திலை இரண்டும் விரிந்தபின்: முதல் வாரத்தில் ஒரு சிரட்டைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி தண்ணீரே தாராளம். தினமும் பார்க்க வேண்டும். ஆனால் தினமும் விட வேண்டியதில்லை. மேலே அரை விரல்கடை காய்ந்ததும் விடலாம். நாற்றின் தலையில் படாமல் சுற்றிலும் மெல்லிய தாரையாக விட வேண்டும். பழைய வீடுகளின் பரணில் கிடக்கும் மூக்கு வைத்த கிண்டி இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

நிஜ இலை வந்தபின்: வித்திலைக்கு மேலே, அந்தச் செடிக்கே உரிய வடிவத்தில் வருவதுதான் நிஜ இலை. அப்போது வேர் கீழே ஓடத் தொடங்கியிருக்கும். இனிச் சற்று அதிகமாக விட்டு, அடுத்த முறைக்கு இடைவெளியும் கூட்டலாம். மேலே கொஞ்சம் காய்ந்தால்தான் வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும்.

பைக்கு மாற்றியபின்: மாற்றிய அன்று நன்றாக ஒரு தண்ணீர். பிறகு 10 லிட்டர் மண் பிடிக்கும் பைக்கு ஒரு தடவைக்கு அரை லிட்டர் அளவில் தொடங்கி, செடி பெருக்கப் பெருக்க ஒரு லிட்டர் வரை கூட்டலாம். மொத்தமாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் விட்டு, அது இறங்கியபின் மறுபடி கொஞ்சம் விட வேண்டும். அடித்துளையில் நீர் தாராளமாக ஓடினால், மண்ணின் சத்தும் அதோடு ஓடுகிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் தொடங்குவதற்கான அளவுகள். உங்கள் வீட்டு வெளிச்சமும் காற்றும் மண்ணும் சேர்ந்துதான் சரியான கணக்கைச் சொல்லும்.

விடும் நேரம் காலையாக இருக்கட்டும். மாலையில் விட்டால் இரவு முழுக்கத் தண்டின் அடி ஈரமாகவே நிற்கும்.

எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீர்: குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்ப்பார்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். இந்த அளவு மண்ணின் உயிரை மொத்தமாக அழித்துவிடாது. இருந்தாலும், முந்தின இரவே வாய் அகன்ற வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். செலவில்லாத வேலை. காலையில் தண்ணீரும் அறையின் சூட்டுக்கு வந்திருக்கும். ஆனால், வீட்டில் கொசு புகாதபடி வாளியின் மேல் ஒரு மெல்லிய துணி கட்டுங்கள்.

கிணற்றுத் தண்ணீர்: உள்ளூர்க் கிணறுகளில் சிக்கல் குறைவு. கடலோர ஊர்களில் உப்புச் சுவை தெரிந்தால் நாற்றுக்கு வேண்டாம். வளர்ந்த தென்னை தாங்குவதை இரண்டு இலைக் கத்தரி தாங்காது. மண்ணின் மேலும் பையின் விளிம்பிலும் வெள்ளைப் படலம் கட்டினால் அது உப்பு. சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை நிலையங்களில் தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நார்க்கழிவிலேயே உப்பு இருக்கலாம். கதம்பையைக் காயலில் ஊறப்போட்டு எடுக்கும் ஊர்களில் இது சாதாரணம். விதைக்கும் முன் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டால் கவலை இல்லை.

மழைத் தண்ணீர்: நாற்றுக்கு இதைவிட நல்லது கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் ஒரு வாரத்துக்கு நாற்றுகளுக்கு அதுவே போதும்.

மழைக்கு ஒரு கணக்கு, காற்றுக்கு ஒரு கணக்கு

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே தண்ணீர்க் கணக்கு மாறும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ஜூன், ஜூலையில் காற்றே ஈரமாக இருக்கும். அங்கே சிரட்டை மூன்று நாள் ஆனாலும் காயாது. அதே மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, தோவாளைப் பக்கத்து மாடியில் காலையில் விட்டதை மதியத்துக்குள் உறிஞ்சிவிடும். நாகர்கோவிலில் வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு இரண்டும் இல்லை. அங்கே காற்றோட்டமே இருக்காது.

அதனால் 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்ற பொது விதி யாருக்கும் முழுசாகப் பொருந்தாது. மழைக்காலத்தில் நாற்றுகளைக் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்து, பகலில் சில மணி நேரம் மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் மண் காயும், தண்டும் உறுதியாகும். வெளிச்சம் குறைந்த மூலையில் உள்ள நாற்று குறைவாகத்தான் குடிக்கும். இருட்டில் வைத்துவிட்டு, வளரவில்லையே என்று ஊற்றுவது இரட்டைத் தண்டனை.

பைக்கு அடியில் வைக்கும் தட்டையும் கவனியுங்கள். தண்ணீர் விட்ட அரை மணி நேரத்தில் தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது இப்படிப்பட்ட தெளிந்த தேங்கிய நீரில்தான். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். தட்டை மறந்தால் நாற்றோடு வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து.

ஜீவாமிர்தம் எப்போது?

மண் நன்றாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்கு நாற்றுக்கு வேறு எதுவும் தேவையில்லை. விதைக்குள்ளேயே அதற்கான சாப்பாடு இருக்கிறது. நிஜ இலை இரண்டு சோடி வந்தபின் ஜீவாமிர்தம் தரலாம். வீட்டு அளவுக்கு, 10 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ நாட்டு மாட்டுச் சாணம், கால் லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டி, 100 கிராம் பயறு மாவு, ஒரு பிடி நல்ல மண் ஆகியவற்றைக் கலந்து நிழலில் வைத்து, தினமும் இருமுறை கலக்கிவிட்டால் இரண்டு நாளில் தயார். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, தண்ணீர் விட வேண்டிய நாளில் தண்ணீருக்குப் பதிலாக இதை விட வேண்டும். தண்ணீரும் விட்டு இதையும் விட்டால், அதுவும் வெள்ளம்தான்.

நாற்றழுகலுக்கு முன்கூட்டியே வேலி போடலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் கலந்து விதைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஒரு பாக்கெட் விதைக்குச் சிட்டிகைப் பொடி போதும். மாடித்தோட்டத் தொகுப்பு வாங்கியவர்கள் அதனுள்ளேயே இருந்த அந்தப் பாக்கெட்டைத் தேடிப் பாருங்கள். பிரிக்காமலே காலாவதி ஆகியிருந்தால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் கேட்க மாவட்டத்திலேயே இடங்கள் உண்டு. திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மண்புழு உரம், அசோலா, இயற்கை வேளாண்மை ஆகியவற்றில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டமும் பயிற்சி தந்துவருகிறது.

தவறு நடந்துவிட்டால்?

சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுத்து அப்புறப்படுத்துங்கள். நிற்பவற்றைக் காப்பாற்றலாம். மூன்று நான்கு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். வெளிச்சமும் காற்றும் வரும் இடத்துக்கு மாற்றுங்கள். மேல்மண்ணை ஒரு குச்சியால் லேசாகக் கிளறிவிடுங்கள். அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்னை அங்கேதான் இருக்கும். பிறகு டிரைக்கோடெர்மா கலந்த மட்கிய உரத்தை மேலாகத் தூவுங்கள்.

நேர்மாறாக, மண் முற்றிலும் காய்ந்து தண்ணீரை ஏற்காவிட்டால், சிரட்டையை அல்லது சிறு பையை ஒரு தட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள். அடித்துளை வழியே மண் தானாகக் குடிக்கும். மேலே ஈரம் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் போய்விட்டாலும் மண் போகவில்லை. உயிருள்ள மண்ணின் பெரிய வசதியே அதுதான். இரண்டு வாரம் ஆறவிட்டு, மட்கிய உரம் சேர்த்து, அதே மண்ணில் மறுபடி விதைக்கலாம்.

ஒரு வீடு, ஒரு கை

கடைசியாக, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு காரணம். காலையில் அம்மா தண்ணீர் விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, செடி பாவம் என்று தன் தண்ணீர் பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றும். இரவு வந்த அப்பா, "இன்னைக்கு ஆரும் பார்க்கலை போல" என்று ஒரு குவளை. ஆளுக்கொரு தடவைதான். நாற்றுக்கோ மூன்று தடவை. யாரும் தவறு செய்யவில்லை. எல்லோருக்கும் பாசம்.

இதற்குத் தீர்வும் எளிதுதான். தண்ணீர் விடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பார்க்கும் பொறுப்பு. அந்த ஒருவர் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. விட்ட நாளை அடுக்களைக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். விடாத நாளில் கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம் பாட்டி" என்று சொல்லப் பழகட்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே ஜன்னலோரத்திலிருந்து பறித்த காந்தாரியை உப்போடு நசுக்கி, வேகவைத்த மரச்சீனிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளும்போது கண்ணில் தண்ணீர் வரும். அந்த வீட்டில் கூடுதலாக வரும் தண்ணீர் அதுவாக மட்டும் இருக்கட்டும்!